ஊத்துக்குளியில் வாடகை ரூம்: அது வீடா, ஹாஸ்டலா, லாட்ஜா? எந்தச் சட்டம் யாருக்குப் பொருந்தும்?

குறுகிய கால வாடகை என்றாலே பலருக்கும் ஊட்டி, கொடைக்கானல் ஹோம்ஸ்டேதான் ஞாபகத்துக்கு வரும். திருப்பூர் பனியன் கம்பெனி வட்டாரத்தில் கதையே வேறு. இங்கே ரூம் தேடி வருபவர் சுற்றுலாப் பயணி இல்லை. ஆர்டர் இருக்கும் வரை வேலை பார்த்துவிட்டு, ஆர்டர் குறைந்தால் ஊருக்கு ரயில் ஏறும் தொழிலாளி.

வெண்ணெய்க்குப் பேர் போன ஊத்துக்குளி, ஈரோடு - திருப்பூர் ரயில் பாதையில் இருக்கிறது. திருப்பூர் நகருக்குள் வாடகை கட்டுப்படியாகாதவர்களுக்குச் சுற்றியுள்ள இந்த மாதிரி ஊர்கள்தான் கதி. ஒரே கூரையின் கீழ் வரிசையாகச் சின்னச் சின்ன வீடுகள், எல்லோருக்கும் பொதுவாகக் குளியலறை, கழிப்பறை. லைன் வீடு என்பார்கள். மாச வாடகை, அட்வான்ஸ், மற்றதெல்லாம் வாய்ப்பேச்சு.

இந்த ரூமை அரசு எப்படிப் பார்க்கிறது? ஒவ்வொரு துறையும் ஒவ்வொரு மாதிரி பார்க்கிறது. சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

பேரூராட்சி எல்லைக்குள் ஒரு நியாயமா?

2017-ல் இயற்றப்பட்ட தமிழ்நாடு வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகள் மற்றும் பொறுப்புகள் ஒழுங்குமுறைச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் அமலில் இருக்கிறது. வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்கணும், வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யணும். முன்பணத்துக்கு 3 மாத வாடகை என்பதே சட்டம் சொல்லும் அளவு. வாடகை பாக்கி என்று சொல்லி கரண்டையோ தண்ணீரையோ நிறுத்தக் கூடாது. படிக்க நன்றாகவே இருக்கிறது.

ஆனால் இந்தச் சட்டம் நகர்ப்புறப் பகுதிகளுக்கானது. ஊத்துக்குளி பேரூராட்சி அதில் வரும். எல்லைக் கல்லைத் தாண்டி கிராம ஊராட்சிக்குள் அதே மாதிரி லைன் வீடு கட்டியிருந்தால்? வாடகை அதே, ஆள் அதே, வேலை பார்க்கும் கம்பெனியும் அதே. இந்தப் பாதுகாப்பு மட்டும் இல்லை.

எல்லைக்குள் இருப்பவருக்கும் நடைமுறையில் பெரிய பலன் கிடைத்துவிடவில்லை. நாலு மாதத்தில் கிளம்பப் போகிற ஒருவருக்காக ஒப்பந்தம் போட்டு, ஆன்லைனில் பதிவு செய்து தர எத்தனை ஓனர் தயாராக இருப்பார்? பதிவு இல்லை என்றால் அட்வான்ஸ் பிரச்சினையைக் கொண்டு போகும்போது வாடகைதாரர் கையில் ஆதாரமும் இல்லை.

கம்பெனி ரூம் என்றால் நிலைமை இன்னும் மோசம்

நிறுவனம் தன் ஊழியருக்கு வேலையின் ஒரு பகுதியாகத் தரும் சொந்தக் கட்டடத்துக்கு இந்த வாடகைச் சட்டம் பொருந்தாது. லாட்ஜ், ஓட்டலுக்கும் பொருந்தாது. கம்பெனி ரூமில் இருப்பவருக்கு வேலை போனால் தங்கும் இடமும் சேர்ந்தே போகும். ஊர் தெரியாத, பாஷை தெரியாத இளைஞர் ஒருவர் சம்பள பாக்கியைக் கேட்கக்கூடத் தயங்குவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

பெண்கள் தங்கும் இடம் என்றால் தனிச் சட்டமே உண்டு. 2014-ல் பொள்ளாச்சி விடுதி ஒன்றில் சிறுமிகளுக்கு நடந்த பாலியல் கொடுமைக்குப் பிறகு, பெண்கள், குழந்தைகள் விடுதி மற்றும் இல்லங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் அதே ஆண்டில் வந்தது. மாவட்ட ஆட்சியரிடம் உரிமம் வாங்காமல் விடுதி நடத்த முடியாது. வீட்டையே ஹாஸ்டலாக மாற்றி நடத்துபவர்களுக்கும் இதே விதிதான். 2018 டிசம்பரில் சென்னை ஆதம்பாக்கம் பெண்கள் விடுதியில் ரகசியக் கேமராக்கள் சிக்கிய பிறகுதான் இந்தச் சட்டம் பலருக்கு ஞாபகமே வந்தது. ஆண் தொழிலாளர்கள் தங்கும் ரூம்களுக்கு இப்படி ஒரு தனி உரிமச் சட்டம் இல்லை.

அந்த 90 நாள் கணக்கு

ஹாஸ்டல் வாடகைக்கு 18% ஜிஎஸ்டி உண்டா என்ற வழக்கில், விடுதியும் வசிக்கும் இடம்தான், வரி கிடையாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024 மார்ச்சில் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு ஜூனில் கூடிய ஜிஎஸ்டி கவுன்சில் ஒரு கோடு போட்டது: ஒரு நபருக்கு மாதம் 20,000 ரூபாய் வரை கட்டணம், தொடர்ந்து குறைந்தது 90 நாள் தங்கல். இரண்டும் இருந்தால் வரி விலக்கு.

20,000 என்பது இந்த வட்டாரத்தில் யாரும் தொடாத வாடகை. 90 நாள்தான் கவனிக்க வேண்டியது. ஒரு சீசன் ஆர்டருக்காக இரண்டு மாதம் மட்டும் தங்குபவர் இந்த விலக்குக் கணக்கில் வரமாட்டார். ஆண்டு வருவாய் 20 லட்சத்துக்குள் இருக்கும் சின்ன ஓனருக்கு ஜிஎஸ்டி பதிவே தேவையில்லை என்பதால் லைன் வீடுகளுக்கு இந்தக் கவலை குறைவு. பெரிய ஹாஸ்டல் நடத்துபவர்தான் நாள் எண்ண வேண்டும்.

நாள் கணக்கு வைத்துச் சட்டம் போட்டால் என்ன நடக்கும் என்பதற்கு நியூயார்க் நல்ல உதாரணம். 2023 செப்டம்பரில் இருந்து அங்கே 30 நாளுக்குக் குறைவாக வாடகைக்கு விடணும் என்றால் ஓனர் அதே வீட்டில் இருக்கணும், விருந்தினர் 2 பேருக்கு மேல் கூடாது, மாநகராட்சியில் பதிவும் கட்டாயம். ஏர்பிஎன்பி விளம்பரங்களில் பெரும்பகுதி ஒரே அடியாக 30 நாளுக்கு மேற்பட்ட வாடகைக்கு மாறிவிட்டது. இங்கேயும் ரெஜிஸ்டரில் 90 நாள் என்று எழுதிக்கொள்ள ரொம்ப நேரம் ஆகாது.

போலீஸ் கேட்கும் ஆதார் ஜெராக்ஸ்

ஓனர்கள் உண்மையில் பயப்படும் விதி இதுதான். 2025 ஜனவரியில் பல்லடம் பகுதியில் உரிய ஆவணங்கள் இல்லாமல் தங்கியிருந்த வங்கதேசத்தவர்கள் கைதானார்கள். இப்படி ஒவ்வொரு கைதுக்குப் பிறகும் வாடகைதாரர் விவரத்தை ஸ்டேஷனில் கொடுங்கள் என்ற கெடுபிடி கூடும். வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் ஆன்லைனில் தகவல் தரவேண்டியது கட்டாயம். அது நியாயமான விதி. ஆனால் இந்தப் பயத்தில், பீகாரில் இருந்தோ ஒடிசாவில் இருந்தோ வரும் இந்தியக் குடிமகனுக்கும் ‘ரூம் இல்லைங்க’ என்ற பதில்தான் வருகிறது. அவர் கடைசியில் போய்ச் சேருவது, எந்தப் பேப்பரும் கேட்காத, எந்த வசதியும் இல்லாத ரூமுக்கு.

அடையாள அட்டையைக் கேட்க ஆள் இருக்கிறது. ஒரு கழிப்பறைக்கு எத்தனை பேர் என்று கேட்கத்தான் யாரும் வருவதில்லை. அதைக் கேட்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதை 2021 டிசம்பரில் ஸ்ரீபெரும்புதூர் காட்டியது. விடுதிச் சாப்பாட்டால் உடல்நிலை பாதிக்கப்பட்ட ஃபாக்ஸ்கான் பெண் தொழிலாளர்கள் நெடுஞ்சாலையை மறித்தார்கள். தொழிற்சாலையே சில வாரம் மூடிக் கிடந்தது. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கும் குடியிருப்பை சிப்காட் திறந்தது. ஆயிரக்கணக்கான சின்ன யூனிட்டுகளாகச் சிதறிக் கிடக்கும் பனியன் தொழிலில் அப்படி ஒரே இடத்தில் கட்டித் தரச் சொல்லி யாரைக் கேட்பது?

இப்போதைக்கு என்ன செய்யலாம்?

பேரூராட்சிக்குள் இருக்கும் வாடகைதாரர் எழுத்து ஒப்பந்தம் கேட்கலாம். கிடைக்காவிட்டால் அட்வான்ஸையும் வாடகையையும் ஜிபே போன்ற வழியில் அனுப்புவது நல்லது, கொடுத்ததற்குச் சாட்சி இருக்கும். அட்வான்ஸ், கரண்ட் கட் போன்ற புகார் வாடகை அதிகாரிக்கும், உரிமம் இல்லாத பெண்கள் விடுதி பற்றிய புகார் ஆட்சியர் அலுவலகத்துக்கும் போகணும். சாக்கடை, குப்பை, குடிநீர் என்றால் பேரூராட்சி செயல் அலுவலர். எல்லைக்கு வெளியே இருப்பவருக்கு அந்த வாடகை அதிகாரி இல்லை; அட்வான்ஸ் தகராறு என்றால் சிவில் கோர்ட்டுக்குத்தான் போகணும்.