ஜாபிதாவைப் பக்கம் பக்கமாகக் காட்டும் இணையச் செயலி

கிராம அடங்கலை இணையச் செயலியில் ஏற்றிவிட்டால் மாத்திரம் போதாது. வேண்டியபோது அது கைக்கு வருதல் வேண்டும். ஒரு கிராமத்தில் 1,240 உட்பிரிவுகள் இருப்பதாகவும், உட்பிரிவுக்கு ஒரு வரி வீதம் பதிந்திருப்பதாகவும் வைத்துக்கொள்வோம். அவ்வளவையும் ஒரே தடவையில் அனுப்பும்படி செயலியை அமைத்தால், சிக்னல் குறைந்த வயல்வெளியில் கைபேசியுடன் நிற்பவர் யாவும் வந்து சேரும் வரை காத்திருக்க நேரும். அவருக்கு வேண்டியதோ நாலைந்து வரிகளே. ஆகையால் கேட்ட பக்கத்தை மட்டும் அனுப்புவதே தக்கது.

கணக்கு எளியது. பக்கத்திற்கு 25 வரியானால் 49 பக்கங்கள் நிரம்பி 15 வரிகள் மிஞ்சும். மிச்சத்திற்கும் ஒரு பக்கம் வேண்டுமாதலால் மொத்தம் 50. பக்க எண்ணில் ஒன்றைக் கழித்து 25-ஆல் பெருக்கினால் தள்ளவேண்டிய வரிகள் கிடைக்கும். 4-ஆம் பக்கத்திற்கு 75 வரிகளைத் தள்ளி அடுத்த 25-ஐ எடுக்க வேண்டும். தரவுத்தளத்திற்கு இடும் கட்டளையில் எடுக்கும் அளவை 'லிமிட்' என்றும், தள்ளும் அளவை 'ஆப்செட்' என்றும் குறிப்பர். ஒருவர் 0 என்றோ 900 என்றோ பக்க எண்ணைக் கொடுத்தால் செயலி திகைக்காமல் முதற்பக்கத்தையோ கடைசிப் பக்கத்தையோ காட்டவேண்டும்.

அநேகர் கவனியாது விடுவது வரிசையை. 'ஆர்டர் பை' என்று கட்டளையில் வரிசையைச் சொல்லாவிடில், வரிகள் எந்த ஒழுங்கில் வரும் என்பதற்கு உத்தரவாதமில்லை. இரண்டாம் பக்கத்தில் கண்ட நிலம் மூன்றாம் பக்கத்திலும் தோன்றலாம். வேறொன்று எப்பக்கத்திலும் தோன்றாமற் போகலாம். வறட்சி நிவாரணத்திற்கு அந்த ஜாபிதாவைப் பார்த்தே பெயர் குறிப்பார்களாயின், விட்டுப்போன குடியானவரின் கதி என்ன? பெயரைக்கொண்டு மட்டும் வரிசைப்படுத்துவதும் போதாது. ஓர் ஊரில் எத்தனை முருகேசன்கள்! புல எண்ணையும் உட்பிரிவையும் சேர்த்தே வரிசை கட்டவேண்டும். புல எண்ணை எழுத்தாகப் பதிந்தால் 2-க்கு முன்னே 10 வந்து நிற்குமாதலால், எண்ணாகவே பதிவது அவசியம்.

ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கையில் முன்பக்கத்து வரியொன்று நீக்கப்பட்டால், பின்னுள்ளவை ஒரு படி ஏறி, ஒரு வரி அவர் கண்ணுக்குத் தப்பும். இதற்கு, தள்ளும் எண்ணிக்கைக்குப் பதிலாகக் கடைசியாகக் கண்ட புல எண்ணையும் உட்பிரிவையும் கொடுத்து, அதற்குப் பிற்பட்டவற்றைக் கேட்கும் முறை உண்டு. ஆனால் அதில் நினைத்த பக்கத்திற்குத் தாவ இயலாது. அடிக்கடி மாறாத அடங்கலுக்கு முதலிற் சொன்ன முறையே போதும் என்பது எம் அபிப்பிராயம். செயலியை ஏற்றுக்கொள்ளுமுன் கிராம உத்தியோகஸ்தர் 50-ஆம் பக்கத்தைத் திறந்து, 15 வரிகள் உள்ளனவா என்று எண்ணிப் பார்த்துக்கொள்க.