சிக்னலில் குலுங்குது, ஓவர்டேக்கில் திணறுது... டூரிங் பைக் இன்ஜினில் என்ன பிரச்சினை? எப்படிக் கண்டுபிடிப்பது?

திருவள்ளூரை அடுத்த காக்களூர் சிட்கோ தொழிற்பேட்டைக்கு வாரம் முழுக்க வேலைக்குப் போய்வரும் பைக், ஞாயிறு அதிகாலையில் திருப்பதி ரூட்டில் கிளம்புகிறது. சிக்னலில் நின்றால் ஆர்பிஎம் ஏறி இறங்குகிறது, இன்ஜின் குலுங்குகிறது. லாரியை முந்த ஆக்ஸிலேட்டரை முறுக்கினால் ஒரு நொடி இழுவையே இல்லை.

மெக்கானிக்குகள் 'மிஸ்ஸிங் அடிக்குது' என்று சொல்வது இதைத்தான். 60 கி.மீ. வேகத்தில் ஒரு நொடிக்கு வண்டி சுமார் 17 மீட்டர் நகரும். எதிரே வரும் வாகனமும் அதே வேகம் என்றால், இடைவெளி 33 மீட்டர் குறைந்துவிடும். அதனால் இதை 'அப்புறம் பார்த்துக்கலாம்' என்று தள்ளிப்போடக் கூடாது.

எப்போது வருகிறது?

எந்தப் பார்ட்டையும் மாற்றும் முன் இதைக் கவனியுங்கள். பாதி விடை இதிலேயே கிடைத்துவிடும்.

* ஐடிலிங்கில் மட்டும் குலுங்கி, ரேஸ் பண்ணினால் சரியாகிறதா? காற்றுக் கசிவு இருக்கலாம். இன்ஜினையும் த்ராட்டில் பாடியையும் இணைக்கும் ரப்பரில் வெடிப்பு இருந்தால், கணக்கில் வராத காற்று உள்ளே போகும். ஐடிலிங்கில் இன்ஜின் இழுப்பதே கொஞ்சம் காற்றுதான் என்பதால், சின்னக் கசிவும் பெரிதாகத் தெரியும். த்ராட்டில் பாடியில் கரி படிந்திருந்தாலும் இப்படி நடக்கும்.

* முறுக்கும்போது மட்டும் திணறுகிறதா? பிளக், பிளக் கேப், பெட்ரோல் பம்ப், ஃபில்டர் பக்கம் பாருங்கள். லோடு ஏறும்போது சிலிண்டரில் அழுத்தம் கூடும். பலவீனமான ஸ்பார்க் அங்கேதான் தோற்கும்.

* நன்றாகச் சூடான பிறகு மட்டுமா? டேப்பட் செட்டிங் டைட்டாகவோ, இக்னிஷன் காயில் பழுதாகவோ இருக்கலாம்.

* மழைக்குப் பிறகோ, பெட்ரோல் போட்ட பிறகோ தொடங்கியதா? டேங்கில் தண்ணீர் கலந்திருக்கலாம். இப்போது விற்கும் இ20 பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் இருக்கிறது. எத்தனால் தண்ணீரை ஈர்க்கும். தண்ணீர் அளவு மீறினால் இரண்டும் சேர்ந்து பிரிந்து டேங்கின் அடியில் தங்கும். பம்ப் முதலில் உறிஞ்சுவது அதைத்தான்.

வாரநாள் ஓட்டமும் காரணமா?

ஆம். வீட்டுக்கும் கம்பெனிக்கும் இடையே சில கி.மீ. மட்டுமே ஓடும் வண்டி முழுதாகச் சூடாவதில்லை. பிளக்கில் கரி படியும். லாரிகள் ஓடும் தூசி ரோட்டில் ஏர் ஃபில்டரும் சீக்கிரம் அடைபடும். இரண்டும் லாங் ரைடில்தான் வெளியே தெரியும்.

வீட்டில் என்ன பார்க்கலாம்?

பிளக்கைக் கழற்றி நிறம் பாருங்கள். வெளிர் பழுப்பு என்றால் நலம். கரிக் கருப்பு என்றால் பெட்ரோல் அதிகம். வெள்ளையாக வெளுத்திருந்தால் காற்று அதிகம்.

ஃப்யூவல் இன்ஜெக்‌ஷன் வண்டியில் சாவி போட்டதும் பம்ப் சில நொடி முனகும். இன்ஜின் செக் லைட் எரிந்து அணையும். இன்ஜின் ஓடும்போதும் எரிந்தால் ஸ்கேனர் போட்டுப் பார்க்க வேண்டும்.

கசிவைத் தேட, சூடாகாத இன்ஜினை ஐடிலிங்கில் விட்டு அந்த ரப்பர் மீது லேசாகத் தண்ணீர் தெளியுங்கள். சத்தம் மாறினால் அங்கேதான் கசிவு. பெட்ரோலோ கார்புரேட்டர் கிளீனரோ வேண்டாம், தீப்பிடிக்கும்.

மாடலும் முக்கியம்

2016-ல் கார்புரேட்டருடன் வந்த ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன், 2017-ல் ஃப்யூவல் இன்ஜெக்‌ஷனுக்கு மாறியது. கார்புரேட்டர் வண்டியில் பைலட் ஜெட் அடைப்பைச் சுத்தம் செய்தால் போதும் என்ற நிலை வரலாம். இன்ஜெக்‌ஷன் வண்டியில் சென்சாரையும் பேட்டரி வோல்டேஜையும் பார்க்க வேண்டும். ஐடிலிங் ஸ்க்ரூவைத் திருகி ஆர்பிஎம்மை ஏற்றுவது நோயை மறைக்கும், தீர்க்காது.

மெக்கானிக்கிடம் 'மிஸ்ஸிங் அடிக்குது' என்று மட்டும் சொல்லாதீர்கள். குளிரிலா சூட்டிலா, ஐடிலிங்கிலா இழுவையிலா, எத்தனை கி.மீ.க்குப் பிறகு என்று சொல்லுங்கள். தேவையில்லாமல் பார்ட் மாற்றும் செலவு மிச்சமாகும். சரியாகும் வரை ஹைவேயில் ஓவர்டேக் வேண்டாம்.