கழுத்தைக் கொடுப்பதற்கு முன்



ஹபரணைக்கும் கந்தளாய்க்கும் நடுவில் யானை றோட்டுக்கு ஏறுகிறது. முன்னால் போன லொறி பிரேக் பிடிக்கிறது, உங்கள் காரும் நிற்கிறது, பின்னால் வந்த வேன் நிற்கவில்லை. திருகோணமலை டவுனுக்குள் என்றால் யானையின் இடத்தில் மானோ மாடோ இருக்கும், அவ்வளவுதான். பம்பர் நெளிந்ததோடு தப்பினோம் என்று வீட்டுக்கு வருகிறீர்கள். மறுநாள் காலையில் தலையணையிலிருந்து தலையைத் தூக்க முடியவில்லை. முதுகையும் கழுத்தையும் கையால் அழுத்தித் திருப்பிச் சிகிச்சை செய்யும் கைரோபிராக்டர் கொழும்பில் இருக்கிறார், அவரிடம் போங்கள் என்கிறார் ஒருவர். முறிவு நெரிவு வைத்தியரிடம் போகச் சொல்கிறார் இன்னொருவர். கழுத்தைத் திருப்பிச் 'சடக்' என்று சத்தம் வரவைக்கும் வீடியோ ஒன்றும் போனுக்கு வந்து சேர்கிறது.

யாரிடம் போவது என்பது பிறகு வரும் கேள்வி. அந்தக் கழுத்தில் இப்போது யாரும் கைவைக்கலாமா என்பதைத்தான் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

பின்னால் இடி விழுந்ததும் இருக்கை உங்கள் முதுகை முன்னே தள்ளுகிறது. ஐந்து கிலோவுக்குக் கிட்டிய தலையோ இருந்த இடத்திலேயே நிற்கப் பார்க்கிறது. கழுத்தின் ஏழு எலும்புகளும் அவற்றைப் பிடித்திருக்கும் தசையும் நாரும் அந்த இழுபறியைத் தாங்குகின்றன. கண் மூடித் திறப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும். வீக்கமும் இறுக்கமும் மெல்லத்தான் ஏறும். அதனால்தான் பலருக்கு அன்றைக்கு ஒன்றும் தெரியாமல் அடுத்த நாள் நோ தொடங்குகிறது. பெரும்பாலும் இது தசையும் நாரும் இழுபட்ட நோதான், மாறிவிடும். ஆனால் சிலருக்கு எலும்பில் வெடிப்பு இருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும்.

2001இல் கனடிய வைத்தியர்கள் இதற்கென ஒரு விதியை வகுத்தார்கள். விபத்தில் கழுத்து நோவுடன் வருகிறவருக்கு 65 வயதோ அதற்கு மேலோ என்றால், கைகால் விறைத்தால், அல்லது வாகனம் புரண்டது, வேகமாக மோதியது, ஆள் வெளியே தூக்கி வீசப்பட்டார் என்றால், யோசிக்காமல் எக்ஸ்ரே படம் எடுக்க வேண்டும். மற்றவர்களுக்கும் சில கேள்விகள் கேட்ட பிறகுதான் கழுத்தை இரு பக்கமும் 45 பாகை திருப்பச் சொல்வார்கள். இது வைத்தியர் செய்யும் சோதனை, வீட்டில் கண்ணாடி முன் நின்று செய்து பார்க்காதீர்கள். மேலே சொன்னதில் ஒன்று இருந்தாலும், கையில் பலம் குறைந்தாலும், சிறுநீர் கட்டுப்பாடு இழந்தாலும் ஓட்டோவில் ஏற வேண்டாம். 1990க்கு அழையுங்கள், அம்புலன்ஸ் இலவசம். மற்றவர்களும் முதலில் மாவட்டப் பொது வைத்தியசாலைக்குப் போய்க் காட்டுவதுதான் முறை.

பொலிஸ் முறைப்பாடு இருந்தால், சட்ட வைத்திய அதிகாரி உங்களைப் பரிசோதிப்பதற்கான படிவத்தைப் பொலிஸார் தருவார்கள். 'சின்ன நோதானே' என்று அதை விட்டுவிடாதீர்கள். இழப்பீடு கேட்கும் நாளில் அந்தத் தாள்தான் பேசும்.

எலும்பு முறிவில்லை என்று வைத்தியர் சொல்லிவிட்டார் என்று வையுங்கள். இனிப் போகலாம். ஆஸ்பத்திரியிலேயே பிசியோதெரபி இருக்கிறது. சித்த வைத்தியத்தில் நம்பிக்கை உள்ளவர்களுக்குத் திருகோணமலை கப்பல்துறையில் அரச ஆயுர்வேத வைத்தியசாலை இருக்கிறது. பரம்பரை முறிவு நெரிவு வைத்தியர்களும் 1961ஆம் ஆண்டு ஆயுர்வேதச் சட்டத்தின் கீழ் பதிவு பெறலாம், அந்தப் பதிவைக் கேட்பது மரியாதைக் குறைவல்ல. கைரோபிராக்டிக் 1895இல் அமெரிக்காவின் டாவன்போர்ட் நகரில் தொடங்கியது. பிரித்தானியாவில் 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி, பதிவில்லாத ஒருவர் அந்தப் பெயரைப் போட்டுக்கொள்வதே குற்றம். ஆகவே எங்கே படித்தீர்கள், எந்த நாட்டில் பதிவு என்று கேளுங்கள். முறையாகப் படித்தவர் தயங்காமல் சொல்வார்.

போவதற்கு முதல் நாள் ஒரு தாள் எடுத்து எழுதுங்கள். எந்தப் பக்கத்திலிருந்து இடி விழுந்தது, பெல்ட் போட்டிருந்தீர்களா, தலை எங்காவது பட்டதா, மயக்கம் வந்ததா, நோ எப்போது தொடங்கியது, எங்கே போய் முடிகிறது, எதைச் செய்தால் கூடுகிறது. வாயால் சொல்லும்போது பாதி விட்டுப்போகும். எக்ஸ்ரே படம், ஆஸ்பத்திரியில் தந்த காட், கிளினிக் கொப்பி எல்லாம் ஒரே பையில் போகட்டும்.

மருந்துகளைப் பெயர் சொல்லி விளக்க முயலாமல் பெட்டியோடு கொண்டுபோங்கள். இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. வார்ஃபரின், குளோபிடோகிரெல் போன்ற இரத்தம் உறையாமைக்கான மருந்து எடுப்பவருக்கும், எலும்பு தேய்ந்தவருக்கும், முடக்குவாதம் உள்ளவருக்கும் கழுத்தை வேகமாகத் திருப்பும் சிகிச்சை ஆகாது. நம் வீடுகளில் அம்மம்மாவுக்கோ அப்பப்பாவுக்கோ இந்த மூன்றில் ஒன்று இருக்கலாம். பிள்ளைத்தாச்சியாக இருந்தால் எக்ஸ்ரேக்கு முன்பே சொல்லிவிட வேண்டும். கழுத்தைத் திறந்து காட்டக்கூடிய தளர்வான உடுப்பு போதும், நகை வேண்டாம். விரும்பினால் வீட்டாள் ஒருவரை அறைக்குள் கூட்டிப் போங்கள், பெண்கள் இதைக் கேட்கத் தயங்கவே வேண்டாம்.

'சடக்' சத்தத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். விலகிய எலும்பு இடத்துக்கு வந்த சத்தம் என்று பலர் நம்புகிறார்கள். மூட்டுக்குள் இருக்கும் திரவத்தில் அழுத்தம் குறைந்து வாயுக் குமிழ் உண்டாகும் சத்தம் அது. சத்தம் வரவில்லை என்றால் வைத்தியம் தோற்றுவிட்டது என்று அர்த்தமில்லை. மூளைக்கு இரத்தம் கொண்டுபோகும் நாளங்களில் இரண்டு கழுத்தெலும்புகளின் துவாரங்களுக்குள்ளாகத்தான் ஏறுகின்றன. அரிதாக, விபத்திலோ கழுத்தை வேகமாகத் திருகும்போதோ அவற்றின் சுவர் கிழிந்து பக்கவாதம் வரலாம். முன்பு கண்டிராத கடும் தலைவலி, தலைசுற்று, இரட்டைப் பார்வை, பேச்சுக் குளறல், தள்ளாட்டம் இருந்தால் அன்றைக்கு எந்தச் சிகிச்சை மேசையும் வேண்டாம், ஆஸ்பத்திரிதான். சிகிச்சைக்குப் பிறகு வந்தாலும் அப்படியே.

"கழுத்தைத் திருக வேண்டாம், மெதுவான முறை போதும்" என்று சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கிறது. நல்ல சிகிச்சையாளர் முதல் நாளில் கேட்பதற்கும் பரிசோதிப்பதற்கும்தான் அதிக நேரம் எடுப்பார். திருகோணமலையிலிருந்து கொழும்புக்கு ஏறத்தாழ 260 கிலோமீற்றர். நோகிற கழுத்தோடு பஸ்ஸில் அவ்வளவு தூரம் குலுங்கிப் போய் வருவதையும் கணக்கில் எடுங்கள். பலருக்கு இங்கேயே கிடைக்கும் பிசியோதெரபி போதுமானது.

இடையில் கழுத்துப் பட்டியைக் கட்டிக்கொண்டு படுத்தே கிடக்காதீர்கள். முறிவில்லை என்று தெரிந்தபின், தாங்கும் அளவுக்குக் கழுத்தை அசைத்து வழமையான வேலைகளைச் செய்பவர்களுக்கே நோ சீக்கிரம் மாறுகிறது. முதல் நாளிலேயே மாதக்கணக்கான தவணைக்கு முற்பணம் கேட்டால் கட்டாதீர்கள். இரண்டு மூன்று தடவை போய்ப் பார்த்து, திரும்பும் கோணமும் இரவுத் தூக்கமும் கொஞ்சமாவது சீராகிறதா என்று அதே தாளில் குறித்துக்கொள்ளுங்கள். மாற்றமில்லை என்றால் அந்தத் தாளோடு மறுபடி ஆஸ்பத்திரி கிளினிக்குக்குப் போங்கள்.