பாடசாலைக்கு எழுத வேண்டிய கடிதம்

எமது பிரதேசத்தில் உணவு ஒத்துக்கொள்ளாமை பற்றிப் பேச்செடுத்தால் உடனே வருவது ‘கிரந்தி’ என்ற சொல்தான். இறால் கிரந்தி, கத்தரிக்காய் கிரந்தி, தக்காளி கிரந்தி என்று பெரியவர்கள் சொல்லிக்கொண்டே போவார்கள். சொறி, தடிப்பு வரும், பத்தியம் காத்தால் மாறிவிடும் என்பது அவர்களின் அனுபவம். ஆனால் சில பிள்ளைகளின் நிலை இதுவல்ல. ஒரு கச்சான் பருப்போ, ஒரு மிடறு பாலோ, ஒரு துண்டு இறாலோ உள்ளே போய்ச் சில நிமிடங்களில் உதடும் நாக்கும் வீங்கி, குரல் கம்மி, மூச்சு இழுத்து, இரத்த அழுத்தம் குறைந்து பிள்ளை மயங்கி விழக்கூடும். வைத்தியர்கள் இதனை அனபிலக்சிஸ் என்பார்கள். உயிர் போகக்கூடிய இந்த நிலையையும் கிரந்தி என்ற ஒரே சொல்லுக்குள் நாம் அடக்கிவிடுகிறோம். தாய் பாடசாலையில் சொல்வது எடுபடாமல் போவதற்கு இது ஒரு முக்கிய காரணம் எனலாம்.

2009 இல் வன்னியில் பெற்றோரையும் சகோதரனையும் இழந்து, இப்போது தனித்து நின்று மகனை வளர்க்கும் ஒரு தாய் எம்மிடம் வந்திருந்தார். மகனுக்குக் கச்சான் ஆகாது. முதலாம் வகுப்பில் சேர்க்கும்போதே, “ரீச்சர், இவனுக்குக் கச்சான் கொஞ்சமும் குடுக்கக்கூடாது” என்று சொல்லியிருக்கிறார். “சரியம்மா, நாங்கள் பாத்துக்கொள்ளுறம்” என்று பதிலும் கிடைத்தது. அந்த ஆசிரியை உண்மையாகவே பார்த்துக்கொண்டார். அடுத்த வருடம் வகுப்பாசிரியர் மாறினார். வாணி விழா அன்று எல்லாருக்கும் கொடுத்த அவல், கடலையோடு கச்சானும் கலந்திருந்தது. முகம் வீங்கிய பிள்ளையை ஓட்டோவில் ஏற்றி வைத்தியசாலைக்குக் கொண்டு ஓடினார்கள். பிள்ளை பிழைத்தான். ஆனால் தாய்க்குக் கிடைத்த பேச்சு, “ஒரே பிள்ளை எண்டு பொத்திப் பொத்தி வளர்த்தா உப்பிடித்தான்” என்பது.

இந்தத் தாயிடம் ஒரு துண்டுக் கடிதமும் இருக்கவில்லை. இத்தனைக்கும் எமது பெண்கள் கடிதம் எழுதத் தெரியாதவர்கள் அல்லர். காணாமற் போனவர்களுக்காகவும், காணிக்காகவும், கொடுப்பனவுகளுக்காகவும் கச்சேரிக்கும் ஆணைக்குழுக்களுக்கும் எத்தனை மனுக்களைக் கொண்டு திரிந்திருக்கிறோம்! ஆனால் பாடசாலை வாசலில் கை தயங்குகிறது. கேள்வி கேட்டால் பிள்ளையைப் பிறகு கவனிக்கமாட்டார்கள் என்ற பயம் இருக்கிறது. தகப்பன் இல்லாத வீடு என்றால் அந்தப் பயம் இரண்டு மடங்கு.

கனடாவிலும் ஒரு தாயின் விடாமுயற்சியே நிலைமையை மாற்றியது. ஒன்ராறியோ மாகாணத்தில் 2003 ஆம் ஆண்டு சப்ரினா ஷனன் என்ற 13 வயது மாணவி பாடசாலைச் சிற்றுண்டிச்சாலையில் உருளைக்கிழங்குப் பொரியல் வாங்கிச் சாப்பிட்டாள். அவளுக்குப் பால் ஆகாது. பாற்கட்டி பட்ட இடுக்கியால் பொரியலை எடுத்திருக்கலாம் என்று பின்னர் கருதப்பட்டது. முதலில் அது தொய்வு என்றே எண்ணப்பட்டது. உயிர்காக்கும் அட்ரினலின் ஊசியோ அவளுடைய அலுமாரிக்குள் இருந்தது. அவள் இறந்துவிட்டாள். தாய் சாரா ஷனன் ஓயாமல் குரல் கொடுத்ததன் பலனாக ‘சப்ரினா சட்டம்’ 2006 ஜனவரி 1 இல் நடைமுறைக்கு வந்தது. ஒவ்வாமையுள்ள ஒவ்வொரு பிள்ளைக்கும் அதிபர் தனித் திட்டம் எழுதி வைத்திருக்க வேண்டும், ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுக்க வேண்டும், ஆபத்து வேளையில் ஆசிரியரும் ஊசி போடலாம், நல்லெண்ணத்துடன் போட்டவர் மீது வழக்கு வராது என்கிறது அது. ஸ்காபுரோவில் படிக்கும் எமது உறவினர் பிள்ளைகளுக்கும் இதுவே பாதுகாப்பு.

எமது நாட்டில் இதற்கென்று தனிச் சட்டம் இல்லை. ஆகவே கடிதம்தான் எமக்குச் சட்டம். அதற்கு முதலில் வைத்தியரின் உறுதிப்பாடு வேண்டும். அயலவர் சொன்னார்கள் என்று பாலையும் முட்டையையும் மீனையும் தாமாகவே நிறுத்தி, பிள்ளையை மெலியவிட்ட தாய்மாரையும் கண்டிருக்கிறோம். எந்த உணவு ஆகாது, என்ன அறிகுறி தெரியும், எந்த மருந்து எவ்வளவு, அதை யார் போடலாம் என்று வைத்தியரிடம் எழுதி வாங்குங்கள். வெளிநாடுகளில் உள்ள பேனா வடிவ ஊசி இங்கு இலகுவில் கிடைப்பதில்லை, விலையும் அதிகம். எனவே மருந்தை எந்த வடிவில் வைத்திருக்கலாம் என்பதையும் அவரிடமே கேட்க வேண்டும். அந்தக் கடிதத்தோடு உங்கள் சம்மதக் கடிதத்தையும் தொலைபேசி இலக்கத்தையும் சேர்த்து அதிபரிடம் கொடுத்து, பிரதியில் திகதியுடன் கையொப்பம் பெறுங்கள். ஆசிரியர்கள் பின்வாங்குவது பெரும்பாலும் ‘எங்கட கையால ஏதும் நடந்திட்டால்’ என்ற பயத்தினால்தான். எழுத்தில் இருந்தால் அந்தப் பயம் குறையும்.

1, 4, 7, 10 ஆம் வகுப்புகளில் பாடசாலை மருத்துவப் பரிசோதனை நடக்கும். அதற்கு வரும் சுகாதார வைத்திய அதிகாரியிடமும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமும் பிரதியைக் காட்டிப் பதியச் செய்யலாம். பாடசாலையில் சத்துணவு சமைப்பவர்களிடமும் நேரே பேசுங்கள். அவர்களும் அநேகமாக எம்மைப் போன்ற தாய்மார்தான். ஒரே அகப்பையை எல்லாக் கறிக்கும் போடவேண்டாம் என்றால் விளங்கிக்கொள்வார்கள்.

பிள்ளையை மூலையில் தனியே இருத்திச் சாப்பிட வைப்பது தீர்வல்ல. எல்லோரும் சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் சவர்க்காரம் போட்டுக் கைகழுவுவதும், சாப்பாட்டை மாற்றிக் கொள்ளாமல் இருப்பதும் பாதுகாப்புக்கு உதவும். பகிடிக்காகக்கூட அந்த உணவை அவன்மேல் போடக்கூடாது என்று வகுப்புக்குச் சொல்லவேண்டும். 2017 இல் லண்டன் பாடசாலையொன்றில் சக மாணவன் போட்ட பாற்கட்டித் துண்டினால் 13 வயது மாணவன் ஒருவன் இறந்தான். பாடசாலையில் அவனுக்காக வைத்திருந்த ஊசி காலாவதியாகியிருந்தது.

மூச்சு இழுக்கத் தொடங்கினால் பிரிற்றன் குளிசையை நம்பி இருக்கக்கூடாது. அட்ரினலினைத் தொடையின் வெளிப்புறத் தசையில் போட வேண்டும். பிள்ளையை எழுந்து நடக்க விடாமல் படுக்க வைத்துக் கால்களை உயர்த்துங்கள், மூச்சு முட்டினால் இருத்தி வையுங்கள். உடனே 1990 க்கு அழையுங்கள். இந்த இலவச அம்புலன்ஸ் 2018 முதல் யாழ்ப்பாணத்திலும் ஓடுகிறது. தெளிந்துவிட்டாலும் வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும். சில மணித்தியாலங்களில் அது திரும்பவும் வரக்கூடும்.

மேலே சொன்ன தாய் இப்போது ஒவ்வொரு தவணையின் முதல் வாரமும் பாடசாலைக்குப் போய் மருந்தின் திகதியைப் பார்க்கிறார். அது அதிபரின் பூட்டிய அலுமாரியில் இல்லை, பூட்டில்லாத முதலுதவிப் பெட்டியில், வெயில் படாத இடத்தில் இருக்கிறது. வகுப்பு மாறும்போது கடிதத்தின் புதிய பிரதி புதிய ஆசிரியரின் கைக்குப் போகிறது.