மத்தியின் வயது

கடலைக் கண்ணாலும் காணாத குடும்பங்கள் பல வாழும் சேலம், நாமக்கல் சமவெளியிலே, மேட்டூர் அணைக் கெண்டைக்கும் ஏரி ஜிலேபிக்கும் அடுத்தபடியாக எளியவர் வீட்டுச் சட்டியை நிரப்புவது, பாலக்காட்டுக் கணவாய் வழியே ஐஸ் பெட்டிகளில் இரவோடிரவாக வந்திறங்கும் மத்தி மீனே. சூரமங்கலம் மீன் மார்க்கெட்டில் கூறு கட்டி வைத்திருக்கும் மத்தியை விரலால் அழுத்திப் பார்த்து, “குஞ்சு வேண்டாங்கண்ணா, பெருசாப் பாத்துப் போடுங்க” என்று கேட்கும் அம்மாளின் மனத்தில், சிறியதெல்லாம் இளையது என்ற அனுமானம் ஐயமின்றிக் குடியிருக்கிறது. மீன் விஷயத்தில் இந்த அனுமானம் செல்லாது.

தென்மேற்குப் பருவக்காற்று கேரளக் கரையோரத்து மேல்நீரை அப்பால் தள்ள, ஆழத்திலிருந்து சத்து மிகுந்த குளிர்ந்த நீர் மேலெழுந்து டயாட்டம் என்னும் நுண்பாசிகளைப் பெருக்க, அதே பருவத்தில் பிறக்கும் மத்தியின் சந்ததி அந்த விருந்தை உண்டு ஓராண்டுக்குள் சுமார் 15 சென்டிமீட்டர் வளர்ந்துவிடுகிறது. ஆயுளோ இரண்டு மூன்று வருஷங்கள்தாம். தமிழ்நாட்டுக் கரையிலோ 1980களுக்கு முன் மத்தி அபூர்வப் பொருள். பிற்பாடு அது இங்கும் திரளாகப் பெருகியபோது, அதற்கு வாய்த்த கடல் வேறு, மழைக்காலம் வேறு, உணவு வரும் முறையும் வேறு. கிழக்குக் கரை மத்தியில் நெய்ப்பு போதாதென்று மலையாள வியாபாரிகள் முகம் சுளிப்பதை வெறும் பிரதேச அபிமானம் என்று தள்ளிவிட நான் துணியமாட்டேன்.

ஒரே கரையில்கூட வளர்ச்சி நிலையாக நிற்பதில்லை. 2012இல் ஏறத்தாழ 4 லட்சம் டன் மத்தி பிடித்த கேரளம், 2021இல் 3,300 டன்னுக்குள் சுருங்கிப்போயிற்று. பின்னர் நல்ல மழையின் அனுக்கிரகத்தால் குஞ்சுகள் கணக்கின்றிப் பிழைத்தன. ஆனால் இருந்த உணவை அத்தனை வாய்கள் பங்கிட்டுக்கொள்ள நேர்ந்ததால் மீன்கள் வளர்ச்சி குன்றிச் சிறுத்தே நின்றன என்று கொச்சியிலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் காரணம் கண்டது.

அப்படியானால் எல்லாம் தீனியின் மகிமைதானா, வம்சத்துக்கு இதில் பாத்தியதையே இல்லையா? நாமக்கல் பண்ணைக்காரர், இரு கொட்டகைக் கோழிகளின் எடை வேறுபட்டால், ஒரே பொரிப்பகத்துக் குஞ்சுகளா என்றுதான் முதலில் விசாரிப்பார். அந்த விசாரணையையே அமெரிக்க விஞ்ஞானி டேவிட் கானோவர் கடல் மீனிடம் நடத்தினார். அட்லாண்டிக் கரையில் வாழும் ‘சில்வர்சைடு’ என்ற சிறு மீனின் சந்ததிகளை, குளிர்ந்த நோவா ஸ்கோஷியாவிலிருந்தும், நியூயார்க்கிலிருந்தும், வெப்பமான தென் கரோலினாவிலிருந்தும் தருவித்து, ஒரே உஷ்ணமுள்ள தொட்டிகளில் வளர்த்து, 1990இல் வெளியிட்ட முடிவு விசித்திரமானது: வேகமாக வளர்ந்தவை வடதிசைக் குளிர்நாட்டு மீன்களே! கோடை குறுகியதாகையால், கிடைத்த சில மாதங்களுக்குள் வளர்ந்து தீர வேண்டிய நிர்ப்பந்தம் தலைமுறை தலைமுறையாக அவற்றின் ரத்தத்தில் ஊறியிருக்கிறது. ஆனால் கடலிலே, பருவ முடிவில் அளந்தால், வடக்கத்தி மீனும் தெற்கத்தி மீனும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் இருக்கும். வேற்றுமை இருப்பதே வெளியில் தெரியாது.

காட் மீனில் இதற்கு மாறாக வேற்றுமை கண்கூடு. நான்கு வயதில் அயர்லாந்துக்குத் தெற்கேயுள்ள கெல்டிக் கடலில் ஏழு கிலோவைத் தாண்டும் அது, கனடாவின் லாப்ரடார் கரையில் அரைக் கிலோவைச் சற்றே மிஞ்சும். அந்த வேற்றுமையில் பெரும்பங்கு குளிருடையது.

இதெல்லாம் மீன்பிடிச் சட்டத்தையும் தொடுகிறது. மத்தி அருகியபோது சென்னை மாகாண அரசு 1943இல் சில வலைகளுக்குத் தடை விதித்து, சில ஆண்டுகளில் விலக்கிக்கொண்டது. 2015இல் கேரள அரசு 10 சென்டிமீட்டருக்குக் குறைந்த மத்தியைப் பிடிக்கலாகாது என்று விதித்தது நல்ல காரியமே. ஆயினும் செழித்த வருஷத்தில் 10 சென்டிமீட்டர் மீன் சில மாதக் குஞ்சு. பஞ்ச வருஷத்திலோ அதே நீளமுள்ள மீன் அதனினும் மூத்ததாயிருக்கலாம். மீனின் தலைக்குள் இருக்கும் செவிக்கல்லில் நாளுக்கொரு மெல்லிய வளையம் படிகிறது. அளவுகோல் மறைப்பதை அது காட்டிவிடும். கேரளக் கரைக்கு வகுத்த நீளத்தைக் கடலூருக்கும் நாகப்பட்டினத்துக்கும் அப்படியே எடுத்து வைக்குமுன், இக்கரை மத்தியின் செவிக்கல் வளையங்களையும் எண்ணியாக வேண்டும் என்பது என் கட்சி.