காற்றினால் கூடும் ஆற்றல்

மேடவாக்கத்திலிருந்து தாம்பரம் சென்று, பெருநெடுஞ்சாலையில் தெற்கு நோக்கிப் பயணித்தால் மறைமலை நகரை அடையலாம். அங்கு இயங்கிவந்த ஃபோர்டு தொழிற்சாலையில் உருவான 'ஈகோஸ்போர்ட்' மகிழுந்து, 2013ஆம் ஆண்டு இந்தியாவில் விற்பனைக்கு வந்தது. அதன் 1.5 லிட்டர் பெட்ரோல் இயந்திரம் 112 குதிரைத்திறனைத் தந்தது. 1 லிட்டர் இயந்திரமோ 125 குதிரைத்திறனைத் தந்தது. அளவில் சிறியது ஆற்றலில் விஞ்சியது எவ்வாறு?

ஒரு கிராம் பெட்ரோல் முழுமையாக எரிவதற்கு ஏறத்தாழ 14.7 கிராம் காற்று தேவை. ஆகவே, எரிபொருளை மட்டும் மிகுதியாகச் செலுத்துவதால் பயனில்லை. காற்றும் அதற்கேற்ப மிகவேண்டும். இயல்பான இயந்திரத்தில் பிஸ்டன் கீழிறங்கும்போது உருளைக்குள் அழுத்தம் குறைகிறது, வெளிக்காற்று உட்புகுகிறது. இவ்வாறு நுழையும் காற்றின் அளவுக்கு வளிமண்டல அழுத்தம் எல்லையாகிறது. காற்றை அமுக்கி உட்செலுத்தினால் அவ்வெல்லையைக் கடக்கலாம்.

இதற்கு இரு கருவிகள் உள்ளன. சூப்பர்சார்ஜர், இயந்திரத்தின் சுழற்சியிலிருந்தே விசையைப் பெறுகிறது. டர்போசார்ஜரோ, வீணாக வெளியேறும் புகையின் ஆற்றலைப் பயன்படுத்துகிறது. அப்புகை ஒரு சுழலியைச் சுழற்ற, அதே அச்சில் பொருந்திய அமுக்கி காற்றை அழுத்தி உருளைக்குள் அனுப்புகிறது. அவ்வச்சு நிமிடத்திற்கு ஓர் இலட்சம் முறைக்கும் மேலாகச் சுழலக்கூடியது. சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் பூஹி 1905ஆம் ஆண்டிலேயே இம்முறைக்குக் காப்புரிமை பெற்றார். ஈகோஸ்போர்ட்டின் சிறிய இயந்திரத்தில் இருந்தது டர்போசார்ஜரே.

அமுக்கப்படும் காற்று சூடேறும். சூடேறினால் அதன் அடர்த்தி குறையும். எனவே, இன்டர்கூலர் என்னும் குளிர்விப்பான் வழியாகக் காற்றைச் செலுத்துகின்றனர்.

அவ்வாறாயின், எந்த மகிழுந்திலும் இக்கருவியைப் பொருத்திவிடலாமா? அழுத்தமும் வெப்பமும் மிகும்போது, தீச்சுடர் பரவி வருமுன்பே எரிகலவையின் ஒரு பகுதி தானாகப் பற்றிக்கொள்ளக்கூடும். 'நாக்கிங்' எனப்படும் இந்நிகழ்வு தொடர்ந்தால் பிஸ்டன் சிதையும். ஆகவே, டர்போ இயந்திரத்தை வடிவமைப்போர் அமுக்க விகிதம், எரிபொருளின் அளவு, எண்ணெய் ஓட்டம், குளிர்விப்பு ஆகிய அனைத்தையும் முன்கூட்டியே கணக்கிடுகின்றனர். மேலும், பதிவுச் சான்றிதழின் விவரங்கள் உற்பத்தியாளர் குறித்தவற்றிலிருந்து மாறுபடும் வகையில் வாகனத்தை மாற்றியமைப்பதை 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 52ஆம் பிரிவு தடை செய்கிறது.

வேகத்தில் விருப்பம் கொண்ட இளைஞர் இதனை மனத்திற்கொள்ள வேண்டும். ஆற்றலைக் கூட்டும் கருவியை விலைக்கு வாங்கிவிடலாம். அவ்வாற்றலைத் தாங்கும் வலிமையோ, இயந்திரத்தை வடிவமைக்கும்போதே அதில் அமைந்திருக்க வேண்டும்.