கட்டு அவிழ்ந்தா ஸ்பேனரைத் தேடாதீங்க... முதல்ல கயிறைப் பாருங்க! - பேலர் முடிச்சுப் பிரச்னையும் தீர்வும்

தை, மாசி மாதங்களில் தஞ்சாவூர், திருவாரூர் பக்கம் போனா, அறுவடை முடிஞ்ச வயல்ல டிராக்டருக்குப் பின்னாடி ஒரு மெஷின் ஓடுறதைப் பார்க்கலாம். கம்பைன் ஹார்வெஸ்டர் இறைச்சுட்டுப் போன வைக்கோலை அள்ளி, அமுக்கி, கயிறு சுத்திக் கட்டா வெளியே தள்ளும். அதுதான் பேலர். நம்ம பசங்க பலருக்கு இது சீசன் வருமானம். கூலி கட்டுக் கணக்கு. அவிழ்ந்து போன கட்டுக்குக் காசு கிடையாது. டீசலும் கயிறும் போனது போனதுதான். மழை வேற இருட்டிக்கிட்டு வந்தா, அந்த டென்ஷனைச் சொல்லவே வேணாம்.

அந்த நேரத்துல பலரும் செய்யறது, கையில கிடைச்ச நட்டையெல்லாம் திருகுறது. ஆனா, கோளாறு எங்கேன்னு அவிழ்ந்த கயிறே சொல்லிடும். அதைப் படிக்கத் தெரிஞ்சா போதும்.

உங்க மெஷின் எந்த ரகம்?

டெல்டாவுல அதிகம் ஓடுறது உருளைக் கட்டு போடும் ரவுண்டு பேலர். இது முடிச்சே போடாது. கயிறைப் பல சுற்று சுத்தி வெட்டி விட்டுடும். அந்த இறுக்கத்துலதான் கட்டு நிக்கும். செவ்வகக் கட்டு போடும் ஸ்கொயர் பேலர்லதான் 'நாட்டர்' என்ற முடிச்சுக் கருவி இருக்கு. 1870-களில் அமெரிக்காவின் ஜான் ஆப்பிள்பி, கதிர்க்கட்டு மெஷினுக்காக உருவாக்கிய கருவியின் வாரிசுதான் இன்னிக்கும் பல பேலர்கள்ல ஓடுது.

கண் சிமிட்டுற நேரத்துல நடக்குறது

முந்தைய கட்டு முடிஞ்சப்பவே கயிறோட ஒரு முனையை ஒரு வட்டத் தட்டு கவ்வி வெச்சிருக்கும். கட்டு தேவையான நீளம் வந்ததும், கீழேயிருந்து ஊசி மேலேறி இன்னொரு இழையைக் கொண்டு வரும். கிளி மூக்கு மாதிரி இருக்கும் கொக்கி, ரெண்டு இழையையும் சேர்த்துச் சுழன்று வளையம் போடும். வாயைத் திறந்து முனைகளைக் கவ்வும். கத்தி வெட்டும். ஒரு கை வந்து வளையத்தைக் கொக்கியிலிருந்து உருவி விடும். முடிச்சு ரெடி.

கயிறு சொல்லும் குறிப்புகள்

*ஒரு இழையில் மட்டும் முடிச்சு, இன்னொண்ணு நேரா இருக்கா?* வட்டத் தட்டின் பிடி சரியில்லை. நேரா இருக்கும் முனை சுத்தமா இருந்தா, பிடி லூஸாகி கயிறு நழுவியிருக்கும். நசுங்கி, நார் நாரா பிஞ்சிருந்தா பிடி ரொம்ப இறுக்கம்.

*ரெண்டு இழையும் வளைஞ்சு சுருண்டிருக்கு, ஆனா முடிச்சு இல்லையா?* கொக்கியின் வாய் முனைகளைச் சரியா கவ்வலை. அதன் ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம், வாய் தேய்ஞ்சிருக்கலாம்.

*முடிச்சு கொக்கியிலேயே மாட்டி அறுந்திருக்கா?* ஸ்பிரிங் அதிக இறுக்கம், இல்லேன்னா உருவி விடும் கை கொக்கியை ஒட்டி உரசலை. கொக்கியில துரு, சொரசொரப்பு இருந்தாலும் இப்படி ஆகும்.

*வெட்டின முனை எல்லாம் பிசிறா?* கத்தி மழுங்கிடுச்சு. விலை குறைவு, மாத்திடுங்க.

*முடிச்சு நல்லா இருக்கு, கயிறு மட்டும் அறுந்து போச்சா?* கட்டை ஓவரா அமுக்குறீங்க, அல்லது கயிறு மட்டம். கயிறு உரசிப் போகும் இடத்துல இரும்பு கூரா இருக்கான்னும் தடவிப் பாருங்க.

எந்தப் பக்கம் கோளாறு?

ரெண்டு நாட்டர்ல ஒண்ணு மட்டும் தவறுதுன்னா, ரெண்டு பக்கக் கயிறு உருண்டைகளையும் இடம் மாத்திப் பாருங்க. பிரச்னை கயிறோட சேர்ந்து இடம் மாறினா கயிறு கோளாறு. அதே பக்கம் நின்னா, அந்த நாட்டரும் கயிறு வரும் வழியும்தான். ரெண்டும் ஒரே நேரத்துல தவறினா, அமுக்கத்தையும் ஊசி வரும் நேரத்தையும் சந்தேகப்படலாம்.

சரி செய்யும்போது ஒரு நேரத்துல ஒரே ஒரு நட்டு, கால் சுற்று மட்டும். அப்புறம் நாலைஞ்சு கட்டு போட்டுப் பார்க்கணும். மூணு நட்டை ஒண்ணா திருகினா எது சரி பண்ணுச்சுன்னே தெரியாது. அதுக்கும் முன்னாடி, நாட்டர் மேல அப்பியிருக்கும் தூசியையும் சருகையும் ஊதித் தள்ளுங்க. பல நாள் இதுலயே வேலை முடிஞ்சிடும்.

உருண்டையைச் சேர்க்கும்போது, முதல் உருண்டையின் வெளி முனையை அடுத்த உருண்டையின் உள் முனையோட கட்டணும். முடிச்சு சின்னதா, நீட்டிக்கிட்டு இருக்கும் வால் குட்டையா இருக்கணும்.

ரவுண்டு பேலர் வெச்சிருக்கீங்களா?

கயிறு ஆரம்பத்துலயே உள்ளே போகலைன்னா, தொங்கும் முனை குட்டையா இருக்கலாம், கயிறு டென்ஷன் அதிகமா இருக்கலாம். கட்டு வெளியே வந்தும் கயிறு மெஷினோட இழுத்துக்கிட்டு இருந்தா கத்தியைப் பாருங்க. ஓரச் சுற்று கழண்டு விழுந்தா, கயிறு கட்டின் விளிம்புக்கு ரொம்பக் கிட்ட போகுது. கொஞ்சம் உள்ளே தள்ளி வைங்க.

கை முக்கியம் பாஸ்

நாட்டருக்கு வைக்கோல் எது, விரல் எதுன்னு தெரியாது. ஊசி மேலேறி வர்ற வேகத்துல கையை இழுக்க நேரமும் இருக்காது. அதனால, பி.டி.ஓ-வை நிறுத்தி, இன்ஜினை அணைச்சு, சாவியை எடுத்து உங்க பாக்கெட்ல போட்டுக்கோங்க. ஃப்ளைவீல் முழுசா நிக்கிற வரை காத்திருங்க. முடிச்சு எப்படி விழுதுன்னு பார்க்கணும்னா, ஃப்ளைவீலை அது ஓடும் திசையிலேயே கையால மெதுவா சுத்திப் பாருங்க. அப்பவும் ஒருத்தர் சுத்தும்போது இன்னொருத்தர் கை உள்ளே இருக்கக் கூடாது. ஷியர் போல்ட் உடைஞ்சா, கிடைச்ச கெட்டி போல்ட்டைப் போடாதீங்க. அது உடையறதே மத்த பாகங்களைக் காப்பாத்தத்தான்.

நாளைக்கு வயலுக்குப் போறப்ப ஒரு வேலை செய்யுங்க: அவிழ்ந்த கட்டோட கயிறைத் தூக்கிப் போடாம ரெண்டு முனையையும் போட்டோ எடுத்து வைங்க. மெக்கானிக்குக்கு போன் பண்றதுக்கு முன்னாடி அதை வாட்ஸ்அப்ல அனுப்பினா, பாதி வேலை அங்கேயே முடிஞ்ச மாதிரி!